செங்கல் குவியலுக்கு நடுவே ஒரு தோட்டம்

பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு காலி மனையைப் பார்த்திருப்பீர்கள். உடைந்த செங்கல், பெயர்ந்த சுவர்த்துண்டு, பாலிதீன் பை, ஒற்றைச் செருப்பு. நடுவே நாலைந்து எருக்கஞ்செடி. பெரியவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போய்விடுவார்கள். உங்களைப் போன்ற பிள்ளைகள்தான் நின்று கேட்பீர்கள்: “இங்கே எருக்கு மட்டும் எப்படி வளருது? தக்காளி போட்டால் வருமா?”

அருமையான கேள்வி! இப்படிக் கேட்கிற பிள்ளைகளுக்காகவே இதை எழுதுகிறேன்.

எருக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதன் விதையில் பஞ்சு இருக்கும். காற்று எங்கே இறக்கிவிடுகிறதோ, அங்கே முளைத்துவிடும். அதன் ஆணிவேர் ஆழமாக இறங்கித் தண்ணீர் தேடும். இலை தடிமனாக, மெழுகு பூசியதுபோல் இருப்பதால் நீர் சீக்கிரம் ஆவியாகாது. ஆடு மாடும் சாதாரணமாக அதைத் தொடாது. ஆகவே யாரும் கவனிக்காத இடத்தில் அது பிழைத்துக்கொள்ளும். தக்காளியால் அப்படி முடியாது. ஏன் முடியாது என்று பார்க்க நாம் நியூயார்க் நகரத்துக்குப் போகவேண்டும்.

1970-களில் அந்தப் பெரிய நகரம் பணமில்லாமல் தவித்தது. வரி கட்ட முடியாத பலர் தங்கள் கட்டடங்களை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். சில கட்டடங்கள் எரிந்தன. சிலவற்றை இடித்தார்கள். இடித்த குவியல் அங்கேயே கிடந்தது. மன்ஹாட்டனில் பவரி தெருவும் ஹவுஸ்டன் தெருவும் சந்திக்கிற மூலையிலும் அப்படி ஒரு மனை இருந்தது. அந்தப் பக்கத்தில் குடியிருந்த லிஸ் கிறிஸ்டி என்ற ஓவியர் 1973-ல் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு அதில் இறங்கினார்.

அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘கிரீன் கெரில்லாஸ்’. கெரில்லாப் படை என்றால் மறைந்திருந்து, திடீரென்று வந்து போரிடுகிற சிறு படை. இந்தப் படையின் கையில் இருந்ததெல்லாம் மண்வெட்டியும் விதையும்தான். கேட்பாரற்றுக் கிடக்கிற நிலத்தில், யாரும் சொல்லாமலே போய்ச் செடி வைப்பதை இன்றைக்கும் உலகம் முழுக்க ‘கெரில்லாத் தோட்டம்’ என்றுதான் சொல்கிறார்கள்.

முதலில் அவர்கள் விதையை எறிந்தார்கள். ஆமாம், எறிந்தார்கள்! பூட்டிய வேலிக்கு அந்தப் பக்கம் கால் வைக்க முடியாதே. அதனால் விதையையும் உரத்தையும் சேர்த்துச் சின்னச் சின்ன உருண்டையாகக் கட்டி வேலிக்கு மேலே வீசினார்கள். வண்டிகள் ஓடுகிற சாலையின் நடுத்திட்டில் சூரியகாந்தி விதை போட்டார்கள். ஆளில்லாத கட்டடங்களின் ஜன்னலில் பூத்தொட்டி வைத்தார்கள்.

“அட, இது நாங்கள் பள்ளிக்கூடத்தில் செய்த விதைப்பந்து மாதிரி இருக்கே!” என்கிறீர்களா? அதேதான். ஜப்பானைச் சேர்ந்த மசனோபு ஃபுகுவோகா என்ற இயற்கை விவசாயியும் களிமண்ணில் விதையை உருட்டி நிலத்தில் போட்டவர்தான்.

விதைப்பந்து எப்படி வேலை செய்கிறது? களிமண் காய்ந்து இறுகிவிடும். எறும்பு இழுத்துப் போகாது. குருவி கொத்தாது. வெயில் விதையை நேரடியாகச் சுடாது. நல்ல மழை பெய்தால் களிமண் இளகும். விதை தண்ணீரை உறிஞ்சி ஊதும், தோல் வெடிக்கும், முதலில் வேர் வெளியே வரும்.

அந்தச் சமயத்தில் செடிக்கு இலை இல்லை. இலை இல்லாமல் எப்படிச் சாப்பாடு? கோயில் திருவிழாவுக்கு வண்டி கட்டிப் போகிறவர்கள் கட்டுச்சோறு எடுத்துப் போவார்கள் இல்லையா? விதையும் அப்படித்தான். தாய்ச்செடி அதன் உள்ளே உணவைக் கட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கிறது. அவரை விதையைப் பிளந்தால் தெரிகிற இரண்டு பருப்பும் அந்தச் சோறுதான். சூரியகாந்தி விதைக்குள்ளும் எண்ணெய்ச் சத்தாக நிறைய இருக்கிறது. அதனால் அது சீக்கிரமாக, திடமாக முளைக்கும். புரிகிறதா? புரியவில்லை என்றால் ஒரு கொண்டைக்கடலையை ராத்திரி ஊறவைத்துக் காலையில் பிரித்துப் பாருங்கள். பிறகு மேலே படிக்கலாம்.

கொண்டுவந்த சாப்பாடு தீர்ந்த பிறகு என்ன ஆகும்? அங்கேதான் சிக்கல். வேர் மண்ணுக்குள் இறங்கியாக வேண்டும். இடித்த மனையில் தக்காளி போன்ற செடிக்கு அது சுலபமில்லை.

நல்ல தோட்டத்து மண்ணில் ஏறக்குறைய பாதி காலி இடம். ஆச்சரியமாக இருக்கிறதா? மண்துகளுக்கு நடுவே உள்ள சின்னச் சின்னச் சந்துகள் அவை. அவற்றில் காற்றும் தண்ணீரும் இருக்கும். வேரும் மூச்சுவிடும், அதற்கும் ஆக்ஸிஜன் வேண்டும். லாரியும் இயந்திரமும் ஏறி இறங்கிய மண்ணில் அந்தச் சந்துகள் நசுங்கிப் போயிருக்கும். உங்கள் பள்ளி மைதானத்தில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றுங்கள், பூப்பாத்தியில் ஒரு குவளை ஊற்றுங்கள். எங்கே தண்ணீர் தேங்கி நிற்கிறது?

இரண்டாவது தொந்தரவு சுண்ணாம்பு. செங்கல்லை ஒட்டவைக்கிற சாந்து நொறுங்கி மண்ணோடு கலந்தால் மண் காரத்தன்மை அடையும். அந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் எடுத்துக்கொள்ள முடியாது. அப்போது இளம் இலை மஞ்சளாகிவிடும், அதன் நரம்புகள் மட்டும் பச்சையாகவே இருக்கும். பச்சைக் கோட்டால் வலை வரைந்த மஞ்சள் இலை எங்கேயாவது கண்ணில் பட்டால் நின்று பாருங்கள். பசியைச் செடி அப்படித்தான் காட்டுகிறது.

மூன்றாவதுதான் எனக்குக் கவலை தருவது: காரீயம். பழைய பெயிண்டிலும் அந்தக் காலப் பெட்ரோலிலும் காரீயம் இருந்தது. அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் அதை 1978-ல்தான் தடை செய்தார்கள். மண்ணில் விழுந்த காரீயம் மக்காது, மழையில் சுலபமாகக் கரைந்து போகவும் செய்யாது. கையில் ஒட்டி வாய்க்குள் போனால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

இத்தனை தொந்தரவுக்கும் நடுவே வேலிக்கு மேலே வீசிய உருண்டை என்ன செய்துவிடும்? சில செடி வரும், பல கருகும். விதையை வீசியது எல்லோருக்கும் பிடித்த கதை. ஆனால் பவரி தெருவில் தோட்டத்தை உண்டாக்கியது அது இல்லை, அதற்குப் பிறகு செய்த முதுகு வலிக்கிற வேலைதான் என்பது என் கருத்து.

அந்த வேலை என்ன? குப்பையையும் செங்கல்லையும் அள்ளினார்கள். வேலி போட்டார்கள். வெளியிலிருந்து நல்ல மேல்மண்ணைக் கொண்டுவந்து கொட்டினார்கள். 60 மேட்டுப்பாத்திகள் அமைத்துக் காய்கறி போட்டார்கள்.

மேட்டுப்பாத்தி எவ்வளவு நல்ல யோசனை என்று பாருங்கள். பழைய தரைக்கு மேலே புது மண். ஆழமாகப் போட்டால் வேரின் பெரும்பகுதி புது மண்ணிலேயே இருக்கும். நடக்கிறவர்கள் பாத்திக்கு வெளியே நடப்பதால் மண் நசுங்காது. அதில் மட்கு உரமும் சேர்த்தால் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களுக்கு விருந்து. காய்கறித்தோலையும் சருகையும் அவை தின்னும்போது வெப்பம் உண்டாகும். பெரிய உரக்குவியலின் நடுவே 60 டிகிரி செல்சியஸ்கூட வரும். குளிர்கால விடியற்காலையில் அதைக் கிளறினால் ஆவி பறக்கும். பிறகு மண்புழு வரும், துளை போடும். நசுங்கிப் போன சந்துகள் மறுபடி திறக்கும்.

இதையெல்லாம் பார்த்த மாநகராட்சி என்ன செய்தது? விரட்டவில்லை. 1974-ல் அந்த மனையை மாதம் ஒரு டாலர் வாடகைக்குக் கொடுத்தது! திருட்டுத்தனமாகத் தொடங்கிய வேலை, அனுமதியோடு நடக்கிற வேலை ஆயிற்று. 1978-ல் ‘கிரீன் தம்ப்’ என்ற திட்டத்தையே நகரம் தொடங்கியது. இன்று அதில் 500-க்கும் மேற்பட்ட தோட்டங்கள் இருக்கின்றன. பல தோட்டக்காரர்கள் தெருவோரத் தீயணைப்புக் குழாயிலிருந்து அனுமதி வாங்கித் தண்ணீர் எடுக்கிறார்கள்.

நடுவில் ஒரு பெரிய ஆபத்தும் வந்தது. நிலத்தின் விலை ஏறியதும், 1999-ல் நூற்றுக்கு மேற்பட்ட தோட்டங்களை ஏலம் போட நகரம் முடிவு செய்தது. மக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். பாடகி பெட் மிட்லர் தொடங்கிய அமைப்பும் இன்னொரு நில அறக்கட்டளையும் சேர்ந்து அவற்றை விலைக்கு வாங்கிக் காப்பாற்றின. தோட்டத்தை நட்டவர்களிடமிருந்தே அதைப் பிடுங்கப் பார்த்தது எனக்கு இன்றும் நியாயமாகப் படவில்லை.

லிஸ் கிறிஸ்டி 1985-ல் காலமானார். மறு ஆண்டு அந்த முதல் தோட்டத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். இப்போது அங்கே ஒரு குளம், குளத்தில் ஆமை, ஒரு தேன்கூடு, வானத்தைத் தொடுகிற ஒரு டான் ரெட்வுட் மரம். அந்த மர இனத்தை விஞ்ஞானிகள் முதலில் புதைபடிவத்தில்தான் கண்டார்கள். 1940-களில்தான் சீனாவில் அது உயிரோடு இருப்பது தெரிந்தது.

சரி, இனி உங்கள் முறை. வீட்டுப் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு அந்தக் காலி மனைக்குப் போங்கள். தனியாகப் போகக்கூடாது, கண்ணாடித் துண்டும் ஆணியும் கிடக்கும். ஓரத்திலிருந்து ஒரு கரண்டி மண் எடுங்கள். வீட்டுப் பூந்தொட்டியிலிருந்தும் ஒரு கரண்டி. இரண்டையும் வெவ்வேறு தட்டில் காயவைத்து, மேலே எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். காதைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். ‘சர்ர்’ என்று நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. வெளியே வருவது கார்பன் டை ஆக்சைடு, சோடாவில் இருக்கிற அதே வாயு. கரிசல் மண்ணில் இயற்கையாகவே சுண்ணாம்பு இருப்பதுண்டு, அங்கேயும் நுரைக்கும். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

அங்கே தோட்டம் போட ஆசை வந்துவிட்டதா? வந்தால் எனக்கு ரொம்பச் சந்தோஷம். மனைக்குச் சொந்தக்காரர் யார் என்று விசாரித்துப் பெரியவர்கள் மூலமாக அனுமதி கேளுங்கள். தண்ணீர் எங்கிருந்து வரும், கோடை விடுமுறையில் யார் ஊற்றுவது என்று கூடிப் பேசி முடிவு செய்யுங்கள். அதன் பிறகு விதை வாங்குங்கள்.