குசினி சிறிதானால் கூரையைப் பாருங்கள்

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்த நாம், ஓர் அறையைப் பல குடும்பங்களாகப் பங்கிட்டோம். அறையின் ஒரு மூலையே எமது குசினி. சாமான் வைக்க நிலத்தில் இடமில்லை. உயரத்தில் இடம் இருந்தது.

எமது அம்மம்மாமார் கட்டிய உறியை மீண்டும் கட்டினோம். தும்புக் கயிற்றைப் பின்னி வளையில் தொங்கவிட்டால் கறிச்சட்டி பூனைக்கு எட்டாது. அடுப்புக்கு நேர் மேலே மட்டும் கட்டவேண்டாம், நெருப்புப் பிடிக்கும்.

இரண்டு பலகைப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஆணி அடித்தால் அதுவே அலுமாரி. நான்கு கால் பூட்டி, ஒவ்வொரு காலையும் தண்ணீர் ஊற்றிய ரின்னுக்குள் நிறுத்துங்கள். எறும்பு ஏறாது. நுளம்பு பெருகாதபடி தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். பாரமான அரிசி கீழ்த்தட்டில் இருக்கட்டும். மண்ணெண்ணெயை அடுப்புக்கும் உணவுக்கும் தூரமாக வையுங்கள்.

மேல்தட்டை விதைக்கு ஒதுக்குங்கள். நன்றாகக் காய்ந்த பயற்றைச் சாம்பலுடன் கலந்து, போத்தலில் இறுக மூடி வைத்தோம். பசித்த நாளிலும் அதைத் தொடவில்லை. 1996 இல் ஊர் திரும்பியபோது முதலில் கையில் எடுத்தது அந்தப் போத்தலைத்தான்.