டிரெய்லர் பின்விளக்கு: டேப் சுற்றினால் போதாது!

கரும்பு ஏற்றிய டிரெய்லரில் ராத்திரி பின்விளக்கு எரியாவிட்டால், பின்னால் பைக்கில் வருபவருக்கு வண்டி நிற்பதே தெரியாது. பல நேரங்களில் பழுது பல்பில் இருக்காது. ஒயர் இணைப்பில்தான் இருக்கும். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு குலுங்கலில் தளரும். வெயிலில் டேப் பசை இளகி, மழைத்தண்ணீர் புகுந்து, செம்பு பச்சை பூத்துவிடும்.

இதைச் சரிசெய்ய அதிகச் செலவில்லை. 12 வோல்ட் பல்பில் இரண்டு ஒயரை இணைத்தால் அதுவே டெஸ்ட் லைட். அதில் மிச்சம் பிடித்த காசை நல்ல கிரிம்பிங் பிளையரில் போடுங்கள். முழுதாக அழுத்திய பிறகே விடுபடும் ராட்செட் வகை நல்லது. கட்டிங் பிளையரால் நசுக்கிய லக் சீக்கிரம் கழன்றுவிடும்.

லக்கின் நிறம் பார்த்து வாங்குங்கள். சிவப்பு 0.5 முதல் 1.5 சதுர மி.மீ. ஒயருக்கு; நீலம் 1.5 முதல் 2.5 வரை, மஞ்சள் 4 முதல் 6 வரை.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை ஒயரில் மாட்டிய பிறகே இணையுங்கள்; பின்பு மாட்ட முடியாது. அழுத்தியதும் இழுத்துப் பாருங்கள். வந்துவிட்டால் வெட்டிவிட்டுப் புது லக் போடுங்கள்.

கொக்கி வழியாக எர்த் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். துருவும் கிரீஸும் தடுக்கும். டிரெய்லருக்குத் தனி எர்த் ஒயர் இழுங்கள்.

ஃபியூஸ் போனால் செம்புக் கம்பி சுற்றாதீர்கள், ஒயரே தீப்பிடிக்கும். வண்டி கிளம்பும்முன் ஒருமுறை பின்னால் போய் விளக்கைப் பாருங்கள்.