‘லைற்’ சிகரட்டும் பதினெட்டு ஆண்டு தாமதித்த உண்மையும்

“நான் பத்துவது லைற் தானே, அதில் பெரிய கேடில்லை.” உணவகங்களின் பின்வாசலிலும் தொழிற்சாலை இடைவேளைகளிலும் எம்மவர் ஒருவருக்கொருவர் கூறிக்கொள்ளும் இந்த ஆறுதலை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அச்சொல் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2003ஆம் ஆண்டிலும், ஐக்கிய அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டிலும் சிகரட் பெட்டிகளிலிருந்து விலக்கப்பட்டது. சொல் போயிற்று, நம்பிக்கை போகவில்லை. பெட்டியின் வெளிர் நிறமே இப்போது அந்தச் சொல்லின் வேலையைச் செய்கிறது.

இந்நம்பிக்கை எவ்வாறு பிறந்தது? இத்தகைய சிகரட்டுகளின் வடிகட்டியைச் சுற்றிக் கண்ணுக்கு எளிதிற் புலப்படாத நுண்துளைகள் உண்டு. சோதனை இயந்திரம் புகையை இழுக்கும்போது அத்துளைகள் வழியே காற்றும் கலப்பதால், தாரின் அளவு குறைவாகப் பதிவாகும். மனிதன் இயந்திரமல்லன். அவனுடைய விரல்களும் உதடுகளும் துளைகளை மூடிவிடுகின்றன. உடல் கேட்கும் நிக்கோற்றீன் கிட்டும்வரை அவன் ஆழமாகவும் அடிக்கடியும் இழுக்கிறான். சிகரட்டில் ஏற்பட்ட இம்மாற்றங்களால் மக்களின் உடல்நலத்துக்கு நன்மை விளைந்ததற்குச் சான்றில்லை என்று அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவகத்தின் அறிக்கை 2001ஆம் ஆண்டில் முடிவு கூறியது.

அமெரிக்க அரசு 1999ஆம் ஆண்டில் பெரும் புகையிலை நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தது. நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் 2006 ஓகஸ்டில் தீர்ப்பு வழங்கினார். நிறுவனங்கள் பொதுமக்களை ஏமாற்றின என்று கண்ட அவர், ஐந்து விடயங்களில் திருத்த அறிவிப்புகளை அந்நிறுவனங்களே தம் செலவில் வெளியிடவேண்டும் எனக் கட்டளையிட்டார். ‘லைற்’ சிகரட்டும் அவ்வைந்தில் ஒன்று. அதன்பின் ஒவ்வொரு சொல்லுக்கும் வழக்காடினர். ஏமாற்றியமையைக் கூறும் முகவுரை வாசகம் 2015இல் மேன்முறையீட்டு நீதிமன்றில் நிலைக்கவில்லை. 2017 நவம்பரிலேயே அறிவிப்புகள் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் வெளிவரத் தொடங்கின. வழக்குத் தொடுத்து அதற்குள் பதினெட்டு ஆண்டுகள் உருண்டோடிவிட்டன.

இக்கால இடைவெளியில் ஆய்வாளர் ஒரு முக்கிய கேள்வியை எழுப்பினர். உண்மையை அச்சிட்டுவிட்டால் போதுமா? அது வாசிப்பவரின் மனத்திற் பதிகிறதா என்று எவ்வாறு அறிவது?

அதற்கான முறை எளியது. புகைப்போரைச் சீட்டுக் குலுக்குவதுபோலக் குழுக்களாகப் பிரிப்பர். ஒரு குழுவுக்குத் திருத்தச் செய்தியையும், மற்றொன்றுக்குத் தொடர்பற்ற செய்தியையும் காட்டுவர். இரு குழுக்களின் விடைகளையும் ஒப்பிட்டு, சில நாட்கள் சென்றபின் மீண்டும் வினவுவர். அன்று விளங்கியது சில நாட்களில் மறந்துபோகுமாயின் அச்செய்தியாற் பயன் சிறிதே.

உளவியல் ஆய்வுகள் காட்டிய ஓர் உண்மையும் இங்கு கருதத்தக்கது. “அது பொய்” என்று மட்டும் கூறினால், பழைய நம்பிக்கை உள்ளத்தில் தொடர்ந்து வேலை செய்யும். பொய் இருந்த இடத்தில் விளக்கமொன்றை வைக்கவேண்டும். “லைற் சிகரட்டும் தீங்கானது” என்பதைவிட, “உங்கள் விரல் அந்தத் துளைகளை மூடுகிறது” என்பது மனத்தில் தங்கும்.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதனை வேறுவழியிற் கற்றது. அது வகுத்த பட எச்சரிக்கைகளை, பயன் தரும் என்பதற்குப் போதிய சான்றில்லை என்று 2012இல் மேன்முறையீட்டு நீதிமன்று தள்ளியது. பின்னர் அந்நிர்வாகம் புதிய வாசகங்களை மக்களிடம் சோதித்தது. “இது உமக்குப் புதிய செய்தியா? இதிலிருந்து எதையேனும் கற்றீரா?” என்று கேட்டறிந்து, 2020 மார்ச்சில் 11 எச்சரிக்கைகளை அறிவித்தது. கண்புரை, சிறுநீர்ப்பைப் புற்றுநோய், நீரிழிவு ஆகியன அவற்றுட் சில. நீரிழிவு மலிந்த எம் குடும்பங்களில், புகைத்தல் அந்நோய்க்கும் வழிவகுக்கும் என்பதை எத்தனைபேர் அறிவர்?

மறுபுறத்தில் ஒரு தவறான அச்சமும் உண்டு. புற்றுநோயை உண்டாக்குவது நிக்கோற்றீனே எனப் பலர் எண்ணுகின்றனர். நிக்கோற்றீன் அடிமைப்படுத்துவது உண்மை. எனினும் புற்றுநோயைப் பெரிதும் விளைப்பது எரியும் புகையிலையின் புகையிலுள்ள நச்சுப்பொருட்களே. இதனை அறியாதவர் புகைத்தலை நிறுத்த உதவும் நிக்கோற்றீன் ஒட்டுத்துணிக்கு அஞ்சி விலகி, சிகரட்டையே தொடர்கின்றனர்.

புகையிலை விளைந்த மண்ணிலிருந்து வந்தவர்கள் நாம். யாழ்ப்பாணப் புகையிலை மலையாளக் கரைக்கும், சுருட்டு தென்னிலங்கைக்கும் சென்ற காலத்தை எம் முதியோர் இன்றும் பேசுவர். புகையிலை சேராத வெற்றிலை பாக்கினால் தீங்கில்லை என்பதும் எம்மிடையே நிலவும் நம்பிக்கை. பாக்கே புற்றுநோயை உண்டாக்கவல்லது என்று புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவர் நிலையம் 2004இல் வெளியிட்ட தொகுப்பில் உறுதி செய்தது. ஆங்கிலம் பேசுவோரிடம் சோதிக்கப்பட்ட வாசகம், சொல்லுக்குச் சொல் தமிழாக்கப்பட்டுவிட்டால் எம் பாட்டிக்கு விளங்கிவிடும் என்று எவ்வாறு கொள்வது?

எம் சங்கங்களும் வாசிகசாலைகளும் இதில் ஒரு கடமையை ஏற்கலாம். சுகாதாரத் துண்டுப்பிரசுரத்தை அச்சிடுமுன் பத்துப் பேரிடம் வாசித்துக் காட்டுங்கள். “விளங்கியதா?” என்று கேட்காதீர்கள், எம்மவர் மரியாதைக்காக “ஓம்” என்பர். “இப்போது நீங்கள் கேட்டதை உங்கள் சொற்களில் எனக்குச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். அவர் தடுமாறும் இடத்திற் பிழை அவருடையதன்று, நாம் எழுதிய வாசகத்தினுடையது. அதனைத் திருத்திய பின்னரே அச்சகத்துக்கு அனுப்புவோம்.