செவி திறக்கும் காலம்

பிறந்த குழந்தையின் வலச்செவியில் பாங்கு ஓதுவது நம்மிடையே வழிவழி வரும் வழக்கம். ஆனால் அக்குழந்தைக்குக் கேட்கிறதா என்பதை நம்மில் எத்தனை பேர் சோதித்தறிகிறோம்? பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் ஓரிருவருக்கேனும் கடுமையான கேட்புக் குறை இருக்கிறது. அது புறத்தே தெரியாத குறை. "இவன் அத்தாவுக்கும் மூன்று வயதில்தான் பேச்சு வந்தது" என்று பெரியோர் ஆறுதல் கூற, ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

அந்த ஆண்டுகளின் விலை யாது? மருத்துவம் இதற்கு ஒப்பீட்டின் வழியே விடை கண்டது. இம்முறை நமக்குப் புதிதன்று. கி.பி. 925 அளவில் மறைந்த அர்-ராஸீ, மூளை அழற்சியின் அறிகுறி தோன்றிய நோயாளருள் ஒரு சாராருக்குக் குருதி வடித்தும், மறு சாராருக்கு வடிக்காமலும் விளைவை ஒப்புநோக்கியதைத் தமது 'அல்-ஹாவீ'யில் பதிந்துள்ளார். அமெரிக்காவின் கொலராடோவில் 1998இல் வெளியான ஆய்வும் ஒப்பீடே. ஆறு மாதத்திற்குள் குறை கண்டறியப்பட்ட குழந்தைகள், பின்னர் கண்டறியப்பட்டோரினும் மொழியில் முந்தியிருந்தனர். 2002இல் அனு சர்மாவும் குழுவினரும் காக்ளியர் கருவி பொருத்திய பிள்ளைகளின் மூளை அலைகளை அளந்தனர். மூன்றரை வயதுக்குள் கருவி பெற்றோரின் மூளை, ஒலிக்கு ஏறத்தாழ இயல்பாகவே எதிர்வினை காட்டியது. ஏழு வயதுக்குப் பின் பெற்றோருள் பெரும்பாலோரிடம் அது தாமதித்தது. ஒலி காணாத மூளைப்பகுதி நெடுங்காலம் காத்திருப்பதில்லை என்பதே இதன் பொருள்.

சோதனையோ எளிது. உறங்கும் குழந்தையின் செவியில் சிறு குமிழை வைத்து மெல்லொலி எழுப்பினால், நலமான உட்செவி நுண்ணிய எதிரொலி தரும். இதுவே ஓ.ஏ.இ. சோதனை. ஐயம் எழுந்தால் 'பெரா' சோதனை நரம்பின் நிலையைக் காட்டும். ஒரு மாதத்திற்குள் சோதனை, மூன்று மாதத்திற்குள் உறுதிப்பாடு, ஆறு மாதத்திற்குள் சிகிச்சைத் தொடக்கம் என்பது மருத்துவ உலகு வகுத்த நெறி.

கேட்பொலிக் கருவியால் பயன் பெறாத குழந்தைக்கே காக்ளியர் அறுவை. அதன் செலவு பல இலட்சம். 2012இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஏழைக் குழந்தைகளுக்கு இவ்வறுவை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இது நடைபெறுகிறது. ஆறு என்ற வரம்பை, ஐந்தே முக்கால் வரை காத்திருக்க இசைவு என்று பலர் கொள்கின்றனர். மேற்கண்ட ஆய்வு அதைத் தவறென்று காட்டுகிறது.

அறுவையோடு கடமை முடிவதுமில்லை. கருவி ஒலியைத் தருமேயன்றி மொழியைத் தராது. ஓராண்டுக்குக் குறையாது கேட்புப் பயிற்சி வேண்டும். தாராபுரத்திலிருந்தோ உடுமலையிலிருந்தோ வாரந்தோறும் கோவைக்குப் பேருந்தேறும் தாய், ஒவ்வொரு முறையும் ஒருநாள் கூலியை இழக்கிறாள். புறக்கருவியின் பழுதும் மின்கலமும் பின்னரும் செலவு வைக்கும். இத்தகைய இடர்களால் பயிற்சி நின்றுபோனால், செய்த அறுவையின் பயனும் குன்றும்.

இவ்விடத்தில்தான் ஜமாஅத்துகளுக்குப் பணி இருக்கிறது. தகுதியுடையோர்க்கு ஜகாத்திலிருந்தும், ஏனையோர்க்கு சதகாவிலிருந்தும் பயணச் செலவையும் இழந்த கூலியையும் ஈடுசெய்யலாம். பெயர் சூட்டும் நாளில் பெற்றோரிடம் "செவிச் சோதனை ஆயிற்றா?" என்று ஒரு சொல் வினவலாம். நாம் ஓதும் பாங்கு குழந்தையின் உள்ளத்தைச் சென்றடைய அதுவும் ஒரு வழியாகும், இன்ஷா அல்லாஹ்.