ஒரு ரௌட்டர் படுத்துவிட்டால்... நெட்டைக் காப்பாற்றுவது யார்?

மதுரையில் 1976-ல் டாக்டர் ஜி.வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. கிராமத்து மக்கள் நகரத்துக்கு அலையாமல் இருக்க, பின்னாளில் சிற்றூர்களில் ‘விஷன் சென்டர்’கள் வந்தன. அங்குள்ள ஊழியர் கண்ணைப் பரிசோதிப்பார். மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் வீடியோவில் நோயாளியிடம் பேசுவார்.

தேனிப் பக்கத்து மையங்களை இணைக்க, 2000-களின் நடுவில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெடுந்தூர வைஃபை அமைத்தார்கள். அவர்களுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது எது தெரியுமா? கரன்ட்! வோல்டேஜ் எகிறியும் சரிந்தும் ரௌட்டர்கள் பழுதாகின. வழியில் இருக்கும் ரௌட்டர் நின்றால், டாக்டரின் முகமும் திரையிலிருந்து மறைந்துவிடும்.

ஒரு சிறு மையத்துக்கே இப்படியென்றால், நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்கள் உள்ள பெரிய மருத்துவமனையோ வங்கியோ என்ன செய்யும்? ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் வெளியே போகும் வாசலாக ஒரே ஒரு முகவரிதான் பதிவாகியிருக்கும். அதற்கு ‘கேட்வே’ என்று பெயர். அந்த ரௌட்டர் நின்றுபோனால், பக்கத்தில் இன்னொரு ரௌட்டர் சும்மா இருந்தாலும் கம்ப்யூட்டர் அதைத் தேடிப் போகாது.

இதற்கான தீர்வுதான் ‘விர்ச்சுவல் ரௌட்டர்’.

மனு எழுதும்போது ‘உயர்திரு வட்டாட்சியர் அவர்கள்’ என்றுதான் போடுகிறோம், பெயரை எழுதுவதில்லை. அவர் விடுப்பில் போனால், பொறுப்பு அதிகாரி கையெழுத்திடுவார். மனுவை மாற்றி எழுத வேண்டியதில்லை. இங்கேயும் அதே கதைதான். கேட்வே முகவரி எந்தப் பெட்டிக்கும் சொந்தமில்லை, பதவிக்குச் சொந்தம்.

‘வி.ஆர்.ஆர்.பி.’ என்ற இந்த முறைக்கு 1998-ல் பொது விதிமுறை வந்தது. பொறுப்பில் இருக்கும் ரௌட்டர், வழக்கமாக நொடிக்கு ஒருமுறை ‘நான் இருக்கிறேன்’ என்று குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும். மூன்று நொடிகளுக்கு மேல் சத்தமில்லை என்றால், காத்திருக்கும் ரௌட்டர் அந்த முகவரியை ஏற்றுக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடும். எந்தக் கம்ப்யூட்டரிலும் எதையும் மாற்ற வேண்டாம்.

ஆனால், இரண்டு ரௌட்டர்களையும் ஒரே யு.பி.எஸ்ஸில் செருகினால், அது படுக்கும்போது இரண்டும் சேர்ந்தே படுக்கும். இரண்டுக்கும் ஒரே இன்டர்நெட் லைன் என்றாலும் அதே கதிதான். மின்சாரமும் தனி, லைனும் தனி என்று இருக்க வேண்டும். அவ்வப்போது, கூட்டமில்லாத நேரத்தில் முதல் ரௌட்டரை வேண்டுமென்றே அணைத்து, இரண்டாவது எழுந்து வருகிறதா என்று பார்த்துக்கொள்வதும் அவசியம். நோயாளி திரைமுன் காத்திருக்கும்போது அந்தச் சோதனை நடக்கக் கூடாது!