ஜவ்வாது மலைக்கு முதல் முறையா போறீங்களா? என்ன பார்க்கலாம், என்ன வாங்கலாம், எதை வாங்கவே கூடாது?

‘ஊட்டிக்குப் போய் டிராஃபிக்ல நிக்கிறதுக்கு வீட்லயே தூங்கலாம்’ என்று புலம்பும் நண்பர்கள் குழுவில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லும் பெயர், ஜவ்வாது மலை. சென்னை, பெங்களூரு இரண்டிலிருந்தும் ஒரு வீக்கெண்டில் போய்த் திரும்பக்கூடிய தூரம்தான். ஆனால், கிளம்பும் முன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. இங்கே டீ எஸ்டேட் கிடையாது, ஹோம்மேடு சாக்லேட் கடை வரிசை கிடையாது. ‘சுற்றுலாத் தலம்’ என்ற நினைப்பில் போனால் இரண்டே மணி நேரத்தில், ‘அவ்ளோதானா?’ என்று கேட்கத் தோன்றும்.

இது மக்கள் வாழும், விவசாயம் பார்க்கும் மலை. அதைப் புரிந்துகொண்டு போனால் பார்க்கவும் நிறைய இருக்கிறது, வாங்கவும் நிறைய இருக்கிறது. சொல்லப்போனால், இங்கே பார்ப்பதைவிட வாங்குவது முக்கியம். ஏன் என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

எங்கே இருக்கிறது, எப்படிப் போவது?

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி ஜவ்வாது மலை. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. மலையின் மையமான ஊர் ஜமுனாமரத்தூர். தாலுகா அலுவலகம், கடைகள், பஸ் ஸ்டாண்ட் எல்லாம் இங்கேதான். மேலே ஏற முக்கியமாக மூன்று வழிகள் இருக்கின்றன.

● திருவண்ணாமலையிலிருந்து வருபவர்களுக்கு போளூர் வழி.
● வேலூரிலிருந்து வருபவர்களுக்கு கணியம்பாடி, அமிர்தி வழி. அடிவாரத்திலேயே அமிர்தி உயிரியல் பூங்காவைப் பார்த்துவிட்டு ஏறலாம்.
● பெங்களூரு பக்கமிருந்து வருபவர்களுக்கு வாணியம்பாடி அல்லது திருப்பத்தூர், அங்கிருந்து ஆலங்காயம், காவலூர் வழி.

பஸ்ஸில் போகிறவர்கள் ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி: ‘அண்ணா, கீழ இறங்க கடைசி பஸ் எத்தனை மணிக்கு?’ சொந்த வண்டியில் போகிறவர்கள் அடிவாரத்திலேயே பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது: வானம்

திருப்பத்தூர் மாவட்டப் பகுதியில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது காவலூர். பெங்களூருவில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஆய்வகம் இங்கே 1960-களின் இறுதியில் தொடங்கப்பட்டது. இதை உருவாக்கியவர் வானியல் அறிஞர் வைணு பாப்பு. 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடியைக் கொண்ட பெரிய தொலைநோக்கி இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்டது. 1986 ஜனவரி 6 அன்று அப்போதைய பிரதமர் ராஜீவ் காந்தி ஆய்வகத்துக்கும் தொலைநோக்கிக்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். அதைப் பார்க்க அவர் உயிருடன் இல்லை. 1982-லேயே காலமாகிவிட்டார்.

‘சரி, இங்க என்ன கண்டுபிடிச்சாங்க?’ என்று கேட்டால், பட்டியல் சின்னது அல்ல. வியாழனின் துணைக்கோளான கானிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்பதற்கான அறிகுறி 1972-ல் இங்கே பதிவானது. யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது 1977-ல் தெரியவந்தபோது, அதற்கான தடயத்தைப் பதிவுசெய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1988-ல் இங்கே கண்டுபிடிக்கப்பட்ட ஒரு சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜனின் பெயர்.

பொதுமக்களுக்கான அனுமதி வழக்கமாக சனிக்கிழமைகளில். நேரம் மாறலாம், மேகம் மூடினால் எதுவும் தெரியாது. அதனால் கிளம்பும் முன் நிறுவனத்தின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். இருட்டுதான் இங்கே மூலதனம். இரவில் ஹை-பீம் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுவதும், டார்ச் அடித்து ரீல்ஸ் எடுப்பதும் உள்ளே நடக்கும் ஆய்வைக் கெடுக்கும்.

மற்ற இடங்கள்

*பீமன் அருவி:* ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. மழையை நம்பிய அருவி. கோடையில் போய்விட்டு ‘தண்ணியே இல்ல’ என்று கூகுளில் ஒரு ஸ்டார் கொடுப்பதில் அர்த்தமில்லை. மழைக்காலத்தின் பிற்பகுதியில் போனால் நன்றாக இருக்கும். பாறை வழுக்கும், கவனம்.

*கோலப்பன் ஏரி:* ஜமுனாமரத்தூரிலேயே இருக்கும் படகுக் குழாம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

*கல்திட்டைகள்:* பட்டறைக்காடு பகுதியில் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் வைத்த சிறு வீடுகள் போன்ற அமைப்புகள் உண்டு. ‘குள்ளர் குகை’ என்பது வழக்கில் உள்ள பெயர். ‘அந்தக் காலத்துல குள்ள மனுஷங்க வாழ்ந்தாங்க’ என்பது கதை. உண்மையில் இவை பெருங்கற்கால மக்கள் இறந்தவர்களுக்காக எழுப்பிய ஈமச் சின்னங்கள். மேலே ஏறி செல்ஃபி எடுக்காதீர்கள். கல் சரிந்தால் திரும்ப நிறுத்த ஆள் கிடையாது.

*அடிவாரம்:* இறங்கும் வழியில் நேரமிருந்தால் படவேடு ரேணுகாம்பாள் கோயில், செண்பகத்தோப்பு அணை. செய்யாறு இந்த மலையில்தான் உற்பத்தியாகிறது என்பது கூடுதல் தகவல்.

இந்த மலைக்கு சங்ககால ‘டிராவல் கைடு’ உண்டு

பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் 583 அடிகள் கொண்டது. ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கும் இன்றைய செங்கம்தான் அதில் வரும் தலைவன் நன்னனின் ஊர். பரிசு வாங்கித் திரும்பும் கூத்தர் ஒருவர், இனிமேல் போகப்போகிறவர்களுக்கு வழி சொல்வதாக அமைந்த பாட்டு அது. எந்த வழியில் போகலாம், எங்கே பாறை வழுக்கும், பன்றிக்கு வைத்த பொறியில் எப்படி மாட்டிக்கொள்ளாமல் இருப்பது, இரவில் எங்கே தங்குவது, மலைவாசிகள் தேனும் தினைச்சோறும் கொடுத்து எப்படி உபசரிப்பார்கள் என்று எல்லாம் வருகிறது. இன்றைய டிராவல் விலாகில் இருக்கும் அத்தனையும் அதில் உண்டு, லைக் பட்டனைத் தவிர!

ஷாப்பிங்: என்ன வாங்கலாம்?

*சாமை:* மலையின் முக்கியமான சிறுதானியம். மழையை நம்பி, மானாவாரியாக விளைவது. வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். வெள்ளை வெளேரென்று இருந்தால் தவிடு முழுக்க நீக்கிப் பாலிஷ் செய்தது. லேசாகப் பழுப்பேறிச் சாம்பல் கலந்த நிறத்தில் இருந்தால் சத்து மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால், தவிடு இருப்பது சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். ஆசைப்பட்டு பத்து கிலோ வாங்காமல் வீட்டுக்கு ஒன்றிரண்டு மாதத்துக்கு ஆகிற அளவு மட்டும் வாங்குங்கள்.

*தேன்:* ‘தண்ணில விட்டா கரையக் கூடாது’, ‘தீக்குச்சியில தொட்டா எரியணும்’ என்று ஆளுக்கொரு டெஸ்ட் சொல்வார்கள். இவை எதையும் நம்ப முடியாது. சர்க்கரைப் பாகும் அதே மாதிரி நடந்துகொள்ளும். சரியான பரிசோதனை லேபில்தான் முடியும். அதனால் யாரிடம் வாங்குகிறோம் என்பதே இங்கே முக்கியம். குளிரில் தேன் உறைந்து சர்க்கரை மாதிரி ஆனால் பதற வேண்டாம், அது இயல்பு.

*புளி, கடுக்காய், நெல்லிக்காய்:* புளியைக் கொட்டை எடுத்ததா, எடுக்காததா என்று கேட்டு விலையை ஒப்பிடுங்கள். கடுக்காய், நெல்லி இரண்டும் பருவத்தில்தான் கிடைக்கும்.

*பழங்கள்:* கோடையில் பலா, மழைக்காலத்தில் சீத்தா. முழுப் பலாவைக் காரில் ஏற்றும் முன் வாசனைக்குத் தயாராகிக்கொள்ளுங்கள்!

எங்கே வாங்குவது? பழங்குடியினருக்கான ‘லேம்ப்’ கூட்டுறவுச் சங்கம், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஆகியவற்றின் பொருட்கள் எங்கே கிடைக்கும் என்று ஜமுனாமரத்தூரில் விசாரியுங்கள். சாலையோரம் கூடை வைத்து உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் வாங்குவதும் நல்லதுதான். சிக்னல் விட்டு விட்டு வரும். ஜிபேயை மட்டும் நம்பாமல் கையில் பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள்.

எதை வாங்கக் கூடாது?

*ஜவ்வாது:* ‘ஜவ்வாது மலைக்கு வந்துட்டு ஒரிஜினல் ஜவ்வாது வாங்காம போறதா?’ என்று கேட்டால் ஏமாந்துவிடாதீர்கள். நெற்றியில் பூசும் ஜவ்வாதுப் பொடி தமிழ்நாடு முழுக்கக் கடைகளில் கிடைப்பதுதான். மலையின் பெயரும் அதுவும் ஒன்று என்பதற்காக இது மலையின் ஸ்பெஷல் ஆகிவிடாது.

*சந்தனக்கட்டை:* இந்த மலை சந்தனத்துக்குப் பெயர் பெற்றது. திருப்பத்தூரில் வனத்துறையின் சந்தனமரக் கிடங்கே இருக்கிறது. ரகசியமாக ‘ஒரு சின்னத் துண்டு சார், வாசனையைப் பாருங்க’ என்று யார் நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அனுமதியில்லாத சந்தனத்தை வைத்திருப்பதே குற்றம். செக்போஸ்ட்டில் ‘எனக்குத் தெரியாது சார்’ என்பது செல்லுபடியாகாது.

வாங்குவது ஏன் முக்கியம்?

இங்கே பெரும்பாலும் வாழ்பவர்கள் ‘மலையாளி’ பழங்குடியினர். பெயரைப் பார்த்து கேரளா என்று நினைக்க வேண்டாம். மலையை ஆள்பவர், அதாவது மலையில் வாழ்பவர் என்ற பொருள். பேசுவது தமிழ். காஞ்சிபுரம் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களின் வாய்வழி வரலாறு.

மானாவாரி நிலம், ஒரு போக விளைச்சல். சாமையின் உமியை நீக்குவது கடினமான வேலை. அதைச் செய்ய இயந்திரம் இல்லாத வீடு, தானியத்தை அப்படியே மூட்டையாக வியாபாரிக்குக் கொடுத்துவிடும். அரிசியாக்கி, பாக்கெட் போட்டு, லேபிள் ஒட்டுவதில் கிடைக்கும் லாபம் கீழே இருப்பவர்களுக்குப் போகிறது. வருமானம் போதாதபோது ஆண்கள் கூலி வேலைக்காகக் கீழே இறங்குகிறார்கள்.

அந்தப் பயணம் எங்கே போய் முடியலாம் என்பதை 2015 ஏப்ரல் 7 காட்டியது. ஆந்திராவின் சேஷாசலம் வனப்பகுதியில், செம்மரக் கடத்தல் தடுப்பு அதிரடிப்படை சுட்டதில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் இறந்தார்கள். அவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். தாக்கியதால் சுட்டோம் என்றது போலீஸ். போலி என்கவுன்டர் என்றன மனித உரிமை அமைப்புகள். எது எப்படியோ, மரம் வெட்டப் போகிறவருக்குக் கிடைப்பது கூலி மட்டுமே. பெரிய பணம் அவர் பார்க்காத கைகளில் இருக்கிறது.

நீங்கள் வாங்கும் இரண்டு கிலோ சாமை இதையெல்லாம் மாற்றிவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால், உமி நீக்கி, புடைத்து, பாக்கெட் போட்ட சாமைக்கு மலையிலேயே ஆள் இருக்கிறது என்றால், அந்த லாபத்தில் ஒரு பங்காவது மலையில் தங்கும். அதனால் பத்து ரூபாய்க்கு ரொம்பப் பேரம் பேசாதீங்க.

இரண்டு நாள் பிளான்

சனி: காலையில் ஆலங்காயம் வழியாக ஏறி, அனுமதி நேரத்தைப் பொறுத்து காவலூர். பிறகு ஜமுனாமரத்தூரில் தங்கல். அறைகள் குறைவு, முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள்.

ஞாயிறு: காலையில் பீமன் அருவி, பட்டறைக்காடு, கோலப்பன் ஏரி. மதியத்துக்கு மேல் ஷாப்பிங். இருட்டுவதற்குள் போளூர் அல்லது அமிர்தி வழியாக இறங்கிவிடுங்கள்.

மறக்கக் கூடாதவை

● காட்டுக்குள் டிரெக்கிங் போக வனத்துறை அனுமதி வேண்டும். ‘ஷார்ட்கட்’ காட்டுகிறேன் என்பவரை நம்பி நுழையாதீர்கள்.
● வீட்டையும் ஆட்களையும் போட்டோ எடுக்கும் முன், ‘எடுத்துக்கலாமா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.
● ஊர்க் கோயில் இருக்கும் இடங்களில் செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றுங்கள்.
● கொண்டுபோகும் பிளாஸ்டிக்கையும் பாட்டிலையும் திரும்பக் கொண்டுவாருங்கள்.
● சாமைக்கு ஒரு துணிப்பை. அதை மட்டும் மறந்துடாதீங்க.