விடுதி வாழ்வும் சிக்கனமும்

சொந்த வீட்டில் குழாய் ஒழுகினால் அன்றே ஆளை அழைத்துச் சரிசெய்கிறோம். ஆளில்லாத அறையில் மின்விசிறி சுழன்றால் உடனே எழுந்து நிறுத்துகிறோம். ஆனால் மாணவர் விடுதியில் அதே குழாய் வாரக்கணக்கில் ஒழுகுவதைக் காண்கிறோம். பூட்டிய அறைக்குள் விசிறி சுழல்வதையும் காண்கிறோம். இதனை இளைஞர்களின் பொறுப்பின்மை என்று கூறி ஒதுக்கிவிடலாகாது. விடுதியில் மாதந்தோறும் ஒரே கட்டணம். சிக்கனமாக இருப்பவனுக்கும் அதுவே. விரயம் செய்பவனுக்கும் அதுவே. செலவு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சிக்கனம் எங்ஙனம் வளரும்? அச்செலவை முடிவில் எவரோ ஒருவர் ஏற்றே தீரவேண்டும். அவர் யார் என்பதை அறிந்துகொள்வதே சிக்கனத்தின் முதற்படி.

குமரி மாவட்டத்திலிருந்தும் நெல்லைச் சீமையிலிருந்தும் தமிழ் மாணவர் பலர் சென்று பயிலும் திருவனந்தபுரம், இவ்வகையில் நமக்கு இரண்டு பாடங்களைத் தருகிறது. ஒன்று உள்ளூரில் உள்ளது. மற்றொன்று விளப்பில்சாலையில் உள்ளது.

உள்ளூர் என்பது அந்நகரின் ஒரு பகுதியின் பெயர். அங்கே பொருளியல் அறிஞர் கே. என். ராஜ் அவர்களின் முயற்சியாலும், அந்நாளைய முதலமைச்சர் சி. அச்சுத மேனன் அவர்களின் ஆதரவாலும், வளர்ச்சி ஆய்வு மையம் 1970களின் தொடக்கத்தில் தொடங்கப்பெற்றது. ஏறத்தாழ 10 ஏக்கர் பரப்புள்ள மேட்டு நிலத்தில் வகுப்பறைகள், நூலகம், மாணவ மாணவியர் விடுதிகள் ஆகியவற்றைக் கட்டும் பணி லாரி பேக்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் 1917ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்தவர். 1945ஆம் ஆண்டில் தொழுநோயாளர் பணிக்காக இந்தியாவிற்கு வந்தவர். வீடு கட்டும் பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவிற்குள் கிடைப்பனவாக இருத்தல் நலம் என்ற காந்தியடிகளின் கருத்து, பேக்கரின் உள்ளத்தில் ஆழப் பதிந்திருந்தது.

அவர் மேட்டைச் சமதளமாக்க முற்படவில்லை. நிலத்தின் சரிவிற்கேற்பக் கட்டடங்களை அமைத்தார். நின்ற மரங்களுக்கு இடம் விட்டுச் சுவர்களை வளைத்தார். சுவர் எழுப்பிய முறையும் கவனிக்கத்தக்கது. வழக்கமாகச் செங்கல்லைப் படுக்கையாக வைத்துக் கட்டுவர். பேக்கர் பல இடங்களில் செங்கல்லை ஒருக்களித்து நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டினார். இம்முறையில் செங்கல் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு மிச்சமாகிறது. அன்றியும் உள்ளே அடைபட்ட காற்று, வெளிவெப்பம் அறைக்குள் விரைந்து புகாதவாறு தடுக்கிறது. மேற்பூச்சு இல்லாமையால் அதற்குரிய சிமெண்டும், ஆண்டுதோறும் வெள்ளையடிக்கும் செலவும் இல்லை.

மேற்கூரையிலும் இதே சிந்தனையைக் காணலாம். காங்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பியே. அங்குள்ள காங்கிரீட்டின் பெரும்பகுதி வெறும் நிரப்புப்பொருளே. ஆகவே அவ்விடத்தில் பழைய ஓடுகளை வைத்துச் சிமெண்டைக் குறைத்தார். சன்னல்களுக்குப் பதிலாகப் பல இடங்களில் செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கிப் பின்னற்சுவர் அமைத்தார். கண்ணைக் கூசச் செய்யாத வெளிச்சமும் இடையறாத காற்றோட்டமும் அதன்வழி வருகின்றன. திருவனந்தபுரத்தின் புழுக்கத்தில் காற்றோட்டத்தின் அருமையை அங்கு வாழ்ந்தோர் அறிவர்.

சுவர் இவ்வளவு செய்யும். எஞ்சியதை அதனுள் வாழ்பவரே செய்தல் வேண்டும். நூறு அறைகள் கொண்ட விடுதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பழைய வகை மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் மின்சாரம் கொள்ளும். மாணவர் வகுப்பிற்குச் சென்றிருக்கும் 6 மணி நேரம் ஒவ்வோர் அறையிலும் அது வீணே சுழன்றால், நாளொன்றுக்கு 45 யூனிட். மாதத்திற்கு 1,350 யூனிட். புதுவகை விசிறிகள் 30 வாட் அளவில் இயங்குகின்றன. ஆயினும் ஆளில்லாத அறையில் 30 வாட்டும் விரயமே அன்றோ?

தண்ணீரைப் பற்றியும் சிறிது கூறுவோம். இந்நகரின் குடிநீர் கரமனை ஆற்றிலிருந்து வருகிறது. மலையடிவாரத்துப் பேப்பாறை அணையும் அதற்குக் கீழுள்ள அருவிக்கரைத் தேக்கமும் நகரைக் காத்து வருகின்றன. இருபருவ மழையும் பெறும் இவ்வூரில் ஆண்டிற்குச் சுமார் 1,800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். அவ்வாறாயின் 100 சதுர மீட்டர் கூரையின்மீது ஓராண்டில் 1,80,000 லிட்டர் விழுகிறது. வழியில் கழிவது போக எஞ்சியதை வடிகட்டித் தொட்டியிலும் கிணற்றிலும் சேர்த்தால், மழை குறைந்த தை, மாசி மாதங்களில் அது கைகொடுக்கும். நொடிக்கு ஒரு சொட்டாக ஒழுகும் குழாயோ நாளொன்றுக்கு 20 லிட்டர் அளவிற்கு நீரைப் போக்கிவிடும்.

இனி இரண்டாவது பாடத்திற்கு வருவோம். இருநூறு மாணவர் உண்ணும் விடுதியில் ஒவ்வொருவரும் வேளைக்கு 50 கிராம் சோற்றைத் தட்டில் மீதம் வைத்தால், இரு வேளைக்கு 20 கிலோ. ஆண்டில் 300 நாள் என்று கொண்டால் 6,000 கிலோ. அஃது எங்கே செல்கிறது? 2000ஆம் ஆண்டு முதல் திருவனந்தபுரம் நகரத்தின் குப்பை விளப்பில்சாலை என்னும் சிற்றூருக்குச் சென்றது. அங்கு உரமாக்கும் ஆலை ஒன்று அமைந்தது. ஆனால் வந்த குப்பை முழுவதையும் முறையாக மாற்ற இயலவில்லை. குவியல் வளர்ந்தது; நாற்றம் ஊரைச் சூழ்ந்தது; கசிவுநீர் ஓடையில் கலந்தது. அந்த ஓடை சென்று சேர்வது கரமனை ஆற்றில். ஊர்மக்கள் பன்முறை முறையிட்டனர். இறுதியில் 2011ஆம் ஆண்டு டிசம்பரில் ஊராட்சி அவ்வாலையை மூடிவிட்டது. 2012ஆம் ஆண்டில் காவல்துறையின் துணையோடு குப்பை வண்டிகளை அனுப்ப முயன்றபோது, பெண்களும் முதியோரும் உட்பட மக்கள் திரண்டு வழிமறித்தனர்.

நகரம் திகைத்து நின்றது. விடுதித் தட்டில் ஒதுக்கிய சோறும் பிறருடைய கிணற்றடிக்குச் சென்ற குப்பையில் அடங்கும் என்ற உண்மை அப்போதுதான் பலருக்கு விளங்கிற்று. அவரவர் குப்பையை அவரவர் இடத்திலேயே மாற்றுதல் வேண்டும் என்னும் கொள்கை அதன்பின் வலுப்பெற்றது.

அதற்குரிய முறைகளுள் ஒன்று, திருச்சூர் மாவட்டத்துத் தும்பூர்முழியில் உருவான காற்றோட்ட உரத்தொட்டி. நான்கடி நீளம், நான்கடி அகலம், நான்கடி உயரம் கொண்ட தொட்டி அது. பக்கங்களில் காற்றுப் புக இடைவெளிகள் உண்டு. அடியில் சாணம், அதன்மேல் காய்ந்த சருகு, அதன்மேல் உணவுக்கழிவு என்று மாறி மாறி அடுக்குவர். நுண்ணுயிர்கள் வேலை செய்யும்போது உள்வெப்பம் மிகுந்து, நோய்க்கிருமிகள் அழிகின்றன. ஏறக்குறைய மூன்று மாதங்களில் உரம் கிடைக்கிறது. சருகு குறைந்தால் ஈரம் மிகுந்து நாற்றம் எழும். பிளாஸ்டிக் கலந்தால் உரம் பாழாகும். ஆகவே தொட்டியின் வெற்றி, தட்டைக் கழுவும் இடத்திலேயே குப்பையைப் பிரித்துப் போடும் மாணவனின் கையில் இருக்கிறது. மட்காத பொருள்களைக் கழுவி உலர்த்தித் தனியே வைத்தால், ஹரித கர்ம சேனையைச் சேர்ந்த பெண்கள் வந்து பெற்றுச் செல்கின்றனர். அழுகிய சோற்றோடு கலந்த பையை அவர்கள் கையில் கொடுப்பது முறையாகுமா?

விடுதிகள் செய்யத்தக்கவை மூன்று. ஒவ்வொரு மாடிக்கும் தனி மின்அளவி, நீர்அளவி பொருத்தி, வாரந்தோறும் கணக்கை அறிவிப்புப் பலகையில் எழுதலாம். உணவுக்கூடத்தில் ஒரு தராசு வைத்து, அன்று மீந்த சோற்றின் எடையை அனைவரும் காணுமாறு குறிக்கலாம்; அதைக்கொண்டு மறுநாள் உலையில் இடும் அரிசியின் அளவைத் திட்டமிடலாம். மிச்சமான பணத்தில் ஒரு பகுதியை மாணவர்க்கே உணவுக் கட்டணக் குறைப்பாகத் திருப்பித் தரலாம். இவற்றிற்குப் பெருஞ்செலவு இல்லை. கண்ணுக்குத் தெரியாதிருந்த செலவு கண்முன் வந்துவிட்டால், அறிவுரைக்குத் தேவை குறையும்.

விடுதியில் நாம் தங்குவது சில ஆண்டுகளே. எனினும் அங்கே கைவந்த பழக்கம் வாழ்நாள் முழுதும் நம்முடன் வரும். தட்டில் வேண்டிய அளவே இட்டுக்கொள்வோம். அறையை விட்டு நீங்கும்போது விசிறியை நிறுத்துவோம். குழாய் ஒழுகக் கண்டால் அன்றே காப்பாளரிடம் சொல்வோம். நாம் காணாத ஊர் ஒன்றில் எவரோ ஒருவருடைய கிணறு அதனால் தூய்மையாக இருக்கும்.